முதல்ல ஒட்டு, அப்புறம் வெட்டு: பழைய டி-ஷர்ட்டில் ஒரு போர்வை

ஹாஸ்டல் காலி பண்ற சீசன் வந்தாச்சு. உங்க பீரோவோட அடித்தட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க. முதல் வருஷ ஹாஸ்டல் டே சட்டை, ரெண்டாம் வருஷ சிம்போசியம், டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீம், கல்ச்சுரல்ஸ் வாலண்டியர், ஐ.வி. போறதுக்குன்னே அடிச்ச ஒண்ணு, யாரோ சைஸ் மாத்திக் கொடுத்து நம்ம தலையில கட்டின ஒண்ணு. என்னிடம் எண்ணியபோது பதினாலு இருந்தது. அதில் வெளியே போட்டுக்கொண்டு போகக்கூடியது நாலு. மீதியில் வண்டி துடைக்கலாம்தான். ஆனா துடைக்கக் கை வராது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சட்டைகளில் பிரிண்ட் உள்ள பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் இன்னும் ரெண்டு அடுக்கு வைத்துத் தைத்தால் போர்வை ஆகிவிடும். அமெரிக்காவில் படிப்பு முடிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் இப்படி ஒன்று தைத்துக் கொடுப்பது சாதாரண வழக்கம். நினைவுப் போர்வை என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்க ஈஸியா இருக்கும். நானும் அப்படித்தான் நினைச்சேன். நினைச்சு, ஒரு சட்டையைக் கெடுத்தேன். அதுவும் கெடுக்கவே கூடாத சட்டை. அதனால் இந்தக் கட்டுரையை அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாலாவது செமஸ்டர் முடிந்ததும் என் ரூம்மேட் காலேஜை விட்டுப் போனான். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, ஃபீஸ், எல்லாம் சேர்ந்து. போகும்போது தன் முதல் வருஷ ஹாஸ்டல் டே சட்டையை என் கட்டில் மேல் போட்டுவிட்டு, "நீயே வெச்சுக்கடா, எனக்கு எதுக்கு" என்றான். அந்தச் சட்டையின் முன்பக்கம் எங்க விங்கில் இருந்த பதினோரு பேரும் மார்க்கரில் கையெழுத்துப் போட்டிருந்தோம். தோள்பட்டைப் பக்கம் கொஞ்சம், கீழ் விளிம்புப் பக்கம் கொஞ்சம். பின்பக்கம் அவன் பேரும் ரூம் நம்பரும் பெரிசா பிரிண்ட்.

போன தீபாவளி லீவில் வீட்டுக்கு மூட்டையோடு போய், தரையில் உட்கார்ந்து, அளவுகோல் வைத்து, மேலே இருந்த சட்டையை எடுத்துச் சரியா பதினாறு அங்குலச் சதுரம் போட்டு வெட்டினேன். மேலே இருந்தது அவன் சட்டை. வெட்டி முடித்துத் தூக்கினால் ரெண்டு பக்கமும் பாய் மாதிரி சுருண்டுகொண்டது. இழுத்து நீட்டினால் சதுரம் செவ்வகம் ஆனது. விட்டால் மறுபடி சுருட்டல். ஓரம் ஓரமாகச் சரிபண்ணி வெட்டி, வெட்டி, கடைசியில் பார்த்தால் பதிமூணு அங்குலம்கூட ஒழுங்காக இல்லை. ரெண்டு கையெழுத்து போயே போச்சு.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்து பல வருஷம் தைத்தவர். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, பனியன் துணிய ஆராச்சும் இப்படிப் பச்சையா வெட்டுவாங்களா? கம்பெனில ரோலப் பிரிச்சு ஒருநாள் சும்மா போட்டு வெச்சிட்டுத்தான் கட்டிங்குக்கே எடுப்போம்" என்றார். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு மெட்டீரியல் பிஹேவியர் பற்றிக் கிடைத்த நல்ல லெக்சர் அதுதான்.

துணி ஏன் சுருளுது?

வேட்டி, பாப்ளின், ஜீன்ஸ் எல்லாம் நெய்த துணி. நீளவாக்கில் பாவு நூல், குறுக்கே ஊடை நூல். ரெண்டும் நேர்கோட்டில் போவதால் அந்தத் திசைகளில் இழுத்தால் அதிகம் நீளாது. டி-ஷர்ட் துணி பின்னல் துணி. அதில் நேராகப் போகிற நூலே கிடையாது. நூல் முழுக்க வளையம் வளையமாக, ஒரு வரிசை வளையத்துக்குள் அடுத்த வரிசை வளையம் நுழைந்து நிற்கும். உங்க சட்டையை வெளிச்சத்தில் கிட்டக்க வைத்துப் பாருங்க. வெளிப்பக்கம் குட்டிக் குட்டியாக 'வி' வடிவம் தெரியும். உள்பக்கம் பிறை பிறையாக வளைவுகள். இதுதான் சிங்கிள் ஜெர்சி.

இழுத்தால் நூல் நீளுவதில்லை, வளையத்தின் வடிவம் மாறுகிறது. அதனால்தான் இத்தனை இளக்கம். நீளவாக்கை விட அகலவாக்கில் இன்னும் அதிகம் இளகும். தலை வழியாக மாட்டும்போது கழுத்து விரிந்து கொடுப்பது இதனால்தான்.

சுருளுவதற்கும் அதே வளையம்தான் காரணம். வளைத்துப் பிடித்த ஒவ்வொரு நூலும் நேராகப் பார்க்கிறது. துணியின் நடுவில் அக்கம்பக்கத்து வளையங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. வெட்டியதும் ஓரத்தில் பிடிக்க ஆளில்லை. முன்பக்க அமைப்பும் பின்பக்க அமைப்பும் வேறு வேறு என்பதால் ரெண்டும் ஒன்றை ஒன்று சமன் செய்வதும் இல்லை. பக்கவாட்டு ஓரங்கள் உள்பக்கமாகச் சுருளும், மேல் கீழ் ஓரங்கள் வெளிப்பக்கமாகச் சுருளும். வெல்டிங் லேபில் ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்று படிச்சோமே, பிளேட்டை வெட்டினால் கோணிக்கொள்ளும் என்று? அதோட தங்கச்சின்னு வெச்சுக்கங்க. வேணும்னா ஒரு பழைய பனியனில் கையகலத் துண்டு வெட்டிப் பாருங்க, எந்த ஓரம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்.

ஆக, இந்தத் துணியை வெட்டும் முன்னாடியே அதன் கையைக் காலைக் கட்டிப்போட வேண்டும். சட்டைக் காலருக்குள் வைக்கிற, அயர்ன் பண்ணினால் ஒட்டிக்கொள்கிற மெல்லிய கேன்வாஸ் இருக்கிறதே, அதுதான் கயிறு. டெய்லரிங் சாமான் விற்கிற கடையில் அயர்ன் பண்ணி ஒட்டுற கேன்வாஸ் என்று கேளுங்க. இருப்பதிலேயே மெல்லிசானதை வாங்குங்க. காலருக்கான தடித்த சரக்கை வாங்கினால் போர்வை அட்டைப்பெட்டி மாதிரி நிற்கும். அதன் ஒரு பக்கம் தடவிப் பார்த்தால் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு தெரியும். அது பசை. சூட்டில் உருகி, ஆறும்போது இறுகும்.

கணக்கு முதல்ல

பன்னிரண்டு சட்டை, குறுக்கே மூணு, நெடுக்கே நாலு என்று வைக்கிறோம். தைத்து முடித்தபின் ஒவ்வொரு சதுரமும் 15 அங்குலம் தெரிய வேண்டும். எல்லாப் பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விட்டால் வெட்ட வேண்டிய அளவு 16. சதுரங்களுக்கு நடுவிலும் வெளி ஓரத்திலும் 2 அங்குலப் பட்டை. அகலம் 45 கூட்டல் 8, ஆக 53. நீளம் 60 கூட்டல் 10, ஆக 70 அங்குலம். ஹாஸ்டல் கட்டிலுக்குத் தாராளம்.

பட்டை எதுக்கு, சட்டையைச் சட்டையோடவே தைக்கலாமேன்னு கேப்பீங்க. தைக்கலாம். ஆனா ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு கனம். ஒன்று 160 ஜிஎஸ்எம், இன்னொன்று 180 பயோ வாஷ், ஸ்போர்ட்ஸ் சட்டை பாலியெஸ்டர். ரெண்டு இளகுகிற துணியைச் சேர்த்துத் தைத்தால் எது எதை இழுக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் நெய்த துணி ஒன்று இருந்தால் அது சட்டத்தில் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். பட்டைகளை 3 அங்குலமாக வெட்டணும், தையலுக்கு ரெண்டு பக்கமும் அரை அங்குலம் போய் 2 மிஞ்சும். 36 அங்குல அகலப் பாப்ளின் ஒன்றரை மீட்டர் போதும். நீளவாக்கில் 54 அங்குலப் பட்டை அஞ்சு எடுத்துவிட்டு, மீதியில் 16 அங்குலப் பட்டை பதினாறு எடுங்க. கேன்வாஸும் 36 அங்குல அகலம் கிடைத்தால் 3 மீட்டர். பாப்ளினை வாங்கியதும் ஒருமுறை தண்ணியில் முக்கிக் காய வையுங்க. இல்லேன்னா முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி எல்லாவற்றையும் இழுக்கும்.

சட்டைகளையும் துவைச்சிருக்கணும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் தண்ணியில் அலசாதீங்க. அந்தப் படலம் இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது.

ஒட்டுறது

சட்டையின் கை ரெண்டையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டுத் தையல் ஓரமாகவே கத்தரித்து, முன்பக்கம் பின்பக்கம் என ரெண்டு பெரிய துண்டாகப் பிரியுங்க. இந்தக் கட்டத்தில் அளவு பார்க்க வேண்டாம். துண்டுகளை ராத்திரி முழுக்க இழுக்காமல் தரையில் விரித்துப் போடுங்க. அம்மா சொன்ன "சும்மா போட்டு வெக்கிறது" இதுதான். அணிந்து, துவைத்து, கொடியில் தொங்கி ஏறிய இழுப்பெல்லாம் தானாக இறங்கும்.

மறுநாள் துண்டைக் கவிழ்த்துப் போட்டு, பிரிண்டுக்குப் பின்னால் 17 அங்குலக் கேன்வாஸை, சொரசொரப்புப் பக்கம் துணியைத் தொடும்படி வையுங்க. கேன்வாஸிலும் ஒரு திசை விறைப்பாக இருக்கும், இழுத்துப் பார்த்தால் தெரியும். அந்த விறைப்புத் திசை சட்டையின் அகலவாக்கில் வரட்டும். எது அதிகம் இளகுமோ அந்தப் பக்கம்தானே கட்டு வேண்டும்.

மேலே ஒரு ஈரமில்லாத காட்டன் துணியை விரித்து அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்துங்க. தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அடியில் துணி நகர்ந்து, நகர்ந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, தூக்கி, பக்கத்தில் வைத்து மறுபடி. முடிந்ததும் உடனே எடுத்துச் சுருட்டாதீங்க. பசை ஆறினால்தான் இறுகும். ஒரு கை தேத்தண்ணி குடிக்கிற நேரம் அப்படியே கிடக்கட்டும்.

முன்பக்கத்தில் அயர்ன் பாக்ஸ் படவே கூடாது. நம்ம காலேஜ் சட்டைகளில் பெரும்பாலும் ரப்பர் மாதிரி தடித்து நிற்கும் ஸ்கிரீன் பிரிண்ட்தான். சூடு பட்டால் இளகி, லோகோ பாதி பாக்ஸோடு வந்துவிடும். ஸ்போர்ட்ஸ் சட்டை என்றால் சூட்டை இன்னும் குறைக்கணும். காட்டனுக்கு வைக்கிற சூட்டில் பாலியெஸ்டர் பளபளவென்று தழும்பு விழும். ஓரமாக ஒரு துண்டில் சோதித்துவிட்டு மெயின் பீஸில் கை வையுங்க.

இதுக்கு அப்புறம்தான் வெட்டு. பழைய கார்ட்போர்டில் சரியாக 16 அங்குலச் சதுரம் ஒன்று அறுத்து, நடுவில் ஓட்டை போட்டு, பிரிண்ட் அதில் நடுவாகத் தெரியும்படி வைத்துக் கோடு போட்டால் பன்னிரண்டும் ஒரே அளவு வரும். பிரிண்ட் கழுத்துக்குக் கிட்டத்தில் இருந்தால் நடுவில் வராது. கொஞ்சம் மேலே தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, கழுத்து வளைவு மட்டும் சதுரத்துக்குள் விழாமல் பாருங்க. கேன்வாஸ் ஒட்டின துணியை வெட்டும்போது கத்தரி ஓடுற சத்தமே வேற. காகிதம் மாதிரி நேராகப் போகும்.

தைக்கிறது

மெஷின் இல்லேன்னா கவலை வேண்டாம், இதுவரை செய்து கொண்டுபோய்த் தெரு டெய்லரிடம் கொடுத்தால் தைத்துத் தருவார். வீட்டில் மெஷின் இருந்தால் ஊசியை மட்டும் மாற்றுங்க. சாதா ஊசியின் கூர்முனை பின்னல் வளையத்தை அறுத்துவிடும். ஒரு வளையம் அறுந்தால் அதிலிருந்து கீழே ஏணி மாதிரி ஓட்டை ஓடும். முனை மழுங்கலான பால் பாயின்ட் ஊசி வளையங்களை விலக்கிக்கொண்டு நுழையும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வையுங்க.

முதலில் ஒவ்வொரு வரிசையிலும் சட்டை, பட்டை, சட்டை, பட்டை என்று இணைத்து, பிறகு வரிசைகளை நீளப் பட்டையால் சேர்க்கணும். தைக்கும்போது பட்டை மேலேயும் சட்டை கீழேயும் இருக்கட்டும். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீங்க, மெஷின் தானாக எடுத்துக்கொள்ளும். எல்லாத் தையலையும் பின்பக்கம் விரித்து அயர்ன் போட்டால் மேடு தெரியாது.

நடு அடுக்குக்கு வெளிநாட்டில் பஞ்சு விரிப்பு வைக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் அதைப் போர்த்தினால் வெந்துவிடுவோம். அம்மா அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை எடுத்து ரெண்டா மடித்துப் போட்டார். நீளம் கச்சிதம். அகலத்தில் மூணு அங்குலம்போலக் குறைந்தது, அது ஓரப்பட்டைக்கு அடியில் போவதால் யாருக்கும் தெரியாது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்வதும் இதே யோசனைதான்.

அடித்துணிக்கு 60-க்கு 90 சிங்கிள் பெட்ஷீட். மூணு அடுக்கையும் சாண் இடைவெளியில் சேஃப்டி பின் குத்தி நிறுத்தி, பட்டையும் சட்டையும் சேருகிற கோட்டின் மேலேயே தையல் ஓட்டுங்க. பிரிண்ட் மேலே தைக்காதீங்க, அந்த ரப்பரில் ஊசி போன ஓட்டை மூடாது. பெட்ஷீட்டை 57-க்கு 74 ஆக வெட்டினால் எல்லாப் பக்கமும் ரெண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக ரெண்டு மடிப்பு மடித்து முன்னால் கொண்டுவந்து அடித்தால் ஓரம் முடிந்தது. துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பச்சைத் தண்ணி, நிழல் காய்ச்சல். அவ்வளவுதான்.

எனக்கு நாலு வார இறுதி ஆச்சு. அதில் ஒரு முழு நாள் அந்த ஒரு சட்டைக்கே.

கெட்டுப்போனதை அம்மா தூக்கிப் போட விடவில்லை. சுருண்ட துண்டை விரித்து நாலு மூலையிலும் குண்டூசி குத்தி, பின்னால் கேன்வாஸ் ஒட்டி, 13 அங்குலமாகச் சீர் செய்தார். சுற்றிலும் இரண்டரை அங்குலப் பாப்ளின் வைத்துத் தைத்ததும் 16 வந்துவிட்டது. அப்புறம் நான் குப்பைக் கவரில் போட்டிருந்த வெட்டுத் துண்டுகளைக் கிளறி, கையெழுத்து இருந்த ஒரு துண்டைக் கண்டுபிடித்து, அந்தப் பாப்ளின் மேல் ஒட்டுப்போட்டுக் கையால் தைத்தார். இன்னொன்று நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. பாதிப் பெயர்தான் மிச்சம்.

இந்த வேலைக்கு நடுவில் இணையத்தில் தேடும்போது அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். அங்கே மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண், 1942-இல் கணவர் இறந்தபின், அவர் வயலுக்குப் போட்டுப்போன வேலை உடுப்புகளைக் கிழித்தே ஒரு போர்வை தைத்திருக்கிறார். வெளுத்துப்போன துணியெல்லாம் அப்படியே தெரிகிறது. 1987-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுப் போர்வையும் இந்த வகைதான். இறந்த ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடி அளவில் ஒரு துண்டு. பலவற்றில் அவர்கள் போட்டிருந்த சட்டையே தைக்கப்பட்டிருக்கிறது. அந்த வருஷம் அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். படங்களைப் பார்த்துட்டு நம்ம சிம்போசியம் சட்டையைப் பார்த்தா கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பதிமூணு அங்குலத் துண்டைப் பார்க்கும்போது கூச்சம் வரலை.

முடிந்ததும் போட்டோ எடுத்து எங்க விங் குரூப்பில் போட்டேன். ஹார்ட் ஹார்ட்டா விழுந்தது. அவன் இப்ப ஊரில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியா மெசேஜ் போட்டான். "என் சட்டைய ஏன்டா வெட்டின?"

"நீதான என்கிட்ட கொடுத்துட்டுப் போன"ன்னு டைப் பண்ணிட்டு, அனுப்பாம அழிச்சுட்டேன். கொடுத்தான்தான். வெட்டச் சொல்லிக் கொடுக்கலை. போன் போட்டேன். ரெண்டு கையெழுத்து போனதைச் சொன்னேன். யாரு யாருன்னு கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் லேத் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "எந்த வரிசைல வெச்சிருக்க?"ன்னான். நடு வரிசைன்னேன். "ம்" என்றான்.

அதனால் கத்தரியை எடுக்கும் முன் இன்னொரு வேலையும் செய்யுங்க. உங்க பீரோவில் இருக்கிறதெல்லாம் உங்க சட்டைதானா என்று பாருங்க. ஹாஸ்டலில் பாதி சட்டை மாறித்தான் கிடக்கும். கடன் வாங்கினது, ஜெயிச்சது, துவைக்கிற அண்ணா மாற்றிக் கொடுத்தது, விட்டுப்போனது. உரியவரிடம் ஒரு போன் போடுங்க. "வெட்டிக்கோ"ன்னு சொன்னா ஒட்டுங்க. யோசிச்சா மடிச்சுத் திருப்பிக் கொடுங்க. பன்னிரண்டுக்கு ஒண்ணு குறைஞ்சா, ஏதாவது ஒரு சட்டையின் பின்பக்கத்தில் இன்னொரு சதுரம் கிடைக்கும். பேர், ஸ்பான்சர் லிஸ்ட், பேட்ச் நம்பர்னு பின்னாடியும் பிரிண்ட் இருக்குமே.

அவன் சட்டையோட பின்பக்கம் என்கிட்ட முழுசா இருக்கு. பேரும் ரூம் நம்பரும் உள்ள பக்கம். கேன்வாஸ் ஒட்டியாச்சு, 16 அங்குலக் கோடும் போட்டாச்சு, கத்தரி மட்டும் வைக்கலை. போர்வைக்கு நடுவில் இருக்கிறதைப் பிரிச்சுட்டு இதை வைக்கட்டுமான்னு கேட்டேன். "இப்ப ஒண்ணும் பண்ணாத. பொங்கலுக்கு வரேன், பாத்துக்கலாம்"னான். அம்மா அதை நியூஸ் பேப்பரில் சுத்தி மெஷின் டிராயரில் வெச்சிருக்காங்க.